செத்த மீனை மாற்றி வைக்காதீர்கள்

முதலில் ஒரு வாக்குமூலம். சண்டை அதற்கப்புறம்.

நான் தொடக்கக் கல்விப் பட்டயப் படிப்பில் இரண்டாம் வருடம் என்பது இங்கே வழக்கமாக வருபவர்களுக்குத் தெரியும். கிரிக்கெட், ஹாஸ்டல் உப்புமா, சில்லறை தராத கண்டக்டர் என்று கண்டதையும் எழுதினேன், பொறுத்துக்கொண்டீர்கள். இன்றைக்கு மீன் தொட்டி. பதிவு கொஞ்சம் நீளம், டீ போட்டுக்கொண்டு வந்து உட்காருங்கள்.

சென்ற ஆண்டு கற்பித்தல் பயிற்சிக்காக என்னை ஒரு தனியார் பள்ளிக்கு அனுப்பினார்கள். பெயர் வேண்டாம், ஏனென்றால் இது அந்தப் பள்ளியைப் பற்றிய பதிவு இல்லை. நான்காம் வகுப்பு. ஜன்னல் ஓரத்தில் இரண்டடி நீளத்தில் ஒரு மீன் தொட்டி. நீலக் கலர் கூழாங்கல், பிளாஸ்டிக் செடி, மூடியைத் திறந்து திறந்து குமிழி விடும் ஒரு புதையல் பெட்டி, கண்ணாடிக்குப் பின்னால் பவளப்பாறைப் படம். உள்ளே ஐந்து கோல்டு ஃபிஷ். தொட்டியின் நெற்றியில் லேமினேட் செய்த அட்டை: ‘நீர்வாழ் சூழ்நிலை மண்டலம்’. கோல்டு ஃபிஷ் நன்னீர் மீன், பவளப்பாறை கடலில் இருப்பது. சரி, அதை விடுங்கள்.

பிள்ளைகள் ஐந்துக்கும் பெயர் வைத்திருந்தார்கள். தோனி, புஜ்ஜி, ஏரோப்ளேன், மகாராணி, பிரியாணி. ஐந்தாவதற்கு ஏன் அந்தப் பெயர் என்று கேட்டேன். “கலர் மிஸ்” என்றார்கள். நியாயம்தான்.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், பள்ளி விட்டு எல்லோரும் போன பிறகு பார்த்தால் பிரியாணி வயிற்றை மேலே காட்டி மிதந்துகொண்டிருந்தது. வகுப்பாசிரியை அனுபவசாலி, பதறவே இல்லை. “எடுத்துப் போட்டுடும்மா. நல்லவேளை ரெண்டு நாள் லீவு. நாளைக்குக் கடையில அதே சைஸ்ல ஒண்ணு வாங்கி விட்டுடு, காசு நான் தர்றேன்.” சொன்னதைச் செய்தேன். திங்கட்கிழமை முன் பெஞ்சுப் பையன் ஒருவன் தொட்டியில் மூக்கை ஒட்டிக்கொண்டு ரொம்ப நேரம் நின்றான். “மிஸ், பிரியாணிக்கு வால்ல ஒரு வெள்ளைப் புள்ளி இருக்குமே, காணோம்?”

“வளர்ந்துடுச்சுல்ல, அதான் மறைஞ்சுடுச்சு” என்றேன். கூசாமல்.

அன்றைக்கு நான் எடுத்த பாடம் உணவுச் சங்கிலி. பாடக்குறிப்பு பக்காவாக எழுதியிருந்தேன். புல், வெட்டுக்கிளி, தவளை, பாம்பு, கழுகு என்று கரும்பலகையில் அம்புக்குறி போட்டேன். ஓரத்தில் ஒரு கட்டம் கட்டி ‘சிதைப்பவை: பாக்டீரியா, பூஞ்சை’ என்று எழுதி, “இது முக்கியம், அடிக்கோடு போட்டுக்கோங்க” என்றேன். இறந்ததெல்லாம் மண்ணுக்குத் திரும்பும் என்று விளக்கினேன். எனக்கு இரண்டடி தள்ளி, இறந்ததை ஒளித்து வைத்த தொட்டி புசுபுசுவென்று குமிழி விட்டுக்கொண்டிருந்தது.

அன்றிலிருந்து எனக்கு இந்த வகுப்பறை மீன் தொட்டிகள் மேல் ஒரு தீராத கோபம். ஆக, என் கட்சி இது: செத்த மீனை ரகசியமாக மாற்றி வைக்கிற வகுப்பறையில் சூழ்நிலை மண்டலம் என்ற அட்டையைக் கழற்றிவிட வேண்டும். அலங்காரம் என்று எழுதி வையுங்கள், எனக்கு ஒரு சண்டையும் இல்லை. பல் டாக்டர் கிளினிக்கில் இருக்கிறது, கல்யாண மண்டப வரவேற்பில் இருக்கிறது, பள்ளியிலும் இருந்துவிட்டுப் போகட்டும். பாடம் என்று சொல்லாதீர்கள்.

அந்தத் தொட்டியில் என்ன பாடம் இருந்தது என்று எண்ணிப் பாருங்கள். உற்பத்தியாளர்? பிளாஸ்டிக். உணவு? டப்பாவிலிருந்து வரும் உருண்டை, காலையில் ஒரு சிட்டிகை. காற்று? மோட்டாரிலிருந்து, கரண்ட் இருக்கும்வரை. சிதைப்பவை? அவற்றை ஆயாம்மா வாராவாரம் சனிக்கிழமை பிரஷ் போட்டுத் தேய்த்து, குழாய்த் தண்ணீரில் அலசி, சாக்கடையில் விட்டுவிடுகிறார். இது ஐ.சி.யூ. வார்டு. ஐந்து நோயாளிகள், ஒரு வென்டிலேட்டர், வேளாவேளைக்குச் சாப்பாடு. உயிர் என்றால் பிளக்கில் செருகினால் ஓடும் பொருள், நின்றுபோனால் கடையில் மாற்றிக் கொள்ளலாம் என்பதைத்தான் அந்த நான்காம் வகுப்பு தினமும் எட்டு பீரியட் பார்த்துக்கொண்டிருந்தது.

இத்தனைக்கும் பிரியாணி ஏன் செத்தது என்பதில்தான் முழுப் பாடமும் இருக்கிறது. எனக்கும் அப்போது தெரியாது, பிறகு தேடிப் படித்துத் தெரிந்துகொண்டேன். மீன் தன் கழிவைப் பெரும்பாலும் செவுள் வழியாக அம்மோனியாவாக வெளியே விடுகிறது. அம்மோனியா மீனுக்கே நஞ்சு. குளத்திலும், பழகிய தொட்டியிலும் இதைச் சமாளிக்க ஆள் இருக்கிறது. நைட்ரோசோமோனாஸ் போன்ற பாக்டீரியாக்கள் அம்மோனியாவை நைட்ரைட் ஆக்கும். அதுவும் நஞ்சுதான். அடுத்த கூட்டம் அதை நைட்ரேட் ஆக்கும். அது அளவோடு இருந்தால் மீனுக்குப் பெரிய தொல்லை இல்லை, செடிக்கு உரம். (இந்த இரண்டாவது வேலைக்கு நம் புத்தகங்கள் நைட்ரோபாக்டர் என்று ஒரே பெயரைப் போடுகின்றன. மீன் தொட்டிகளில் அதைப் பெரும்பாலும் செய்வது நைட்ரோஸ்பைரா என்று 1990களின் கடைசியில் கண்டுபிடித்துவிட்டார்கள். புத்தகத்துக்குச் செய்தி போய்ச் சேர நாளாகும் போல.)

இந்தப் பாக்டீரியாக்கள் கூழாங்கல் மேலும் ஃபில்டர் பஞ்சிலும் வழவழவென்று படிந்து வாழ்கின்றன. நாம் அழுக்கு என்று சொல்கிறோமே, அதில் பாதி இவைதான். புதுத் தொட்டியில் இவை போதுமான அளவு பெருகுவதற்கு நாலு முதல் ஆறு வாரம் வரை ஆகும். நாம் என்ன செய்கிறோம்? குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் கல்லையும் பஞ்சையும் பளபளவென்று கழுவி, மறுபடி முதல் நாளிலிருந்து ஆரம்பிக்க வைக்கிறோம். ஒவ்வொரு திங்கட்கிழமையும் அந்த மீன்களுக்குப் புதுத் தொட்டி. மீனைக் கொன்றது அசுத்தம் என்று நினைத்து இன்னும் நன்றாகத் தேய்க்கிறோம். பாடத்தையே பிடித்துக் கழுவி ஊற்றிவிட்டு, பிறகு சிதைப்பவைக்கு அடிக்கோடு போடச் சொல்கிறோம்.

கண்ணாடித் தொட்டி பிறந்த கதையே அழுகலின் கதைதான் என்பது இன்னும் வேடிக்கை. லண்டனில் ராபர்ட் வாரிங்டன் என்று ஒரு வேதியியல்காரர். 1850இல் எழுதிய கட்டுரையில் தன் சோதனையைச் சொல்கிறார். ஒரு கண்ணாடிப் பாத்திரம், அடியில் மணலும் சேறும், இரண்டு கோல்டு ஃபிஷ், வாலிஸ்னேரியா என்ற நீர்ச்செடி. செடி ஆக்சிஜன் தரும், மீன் கார்பன் டை ஆக்சைடு தரும், கணக்கு நேராகிவிடும் என்று நினைத்தார். ஆகவில்லை. செடியின் பழைய இலைகள் அழுகித் தண்ணீர் கலங்கி நாற ஆரம்பித்தது. நம்ம ஊர் ஆளாயிருந்தால் பிரஷ்ஷை எடுத்திருப்பார். வாரிங்டன் குளத்து நத்தைகள் ஐந்தாறைக் கொண்டுவந்து போட்டார். நத்தை அழுகிய இலையைத் தின்றது, தண்ணீர் தெளிந்தது, நத்தையின் முட்டைகளை மீன் தின்றது. இந்தக் கதையில் எனக்குப் பிடித்தது நத்தை வருவதற்கு முந்தைய நாற்றம்தான். அவர் அதை மறைக்கவில்லை, கட்டுரையில் எழுதி வைத்தார்.

டெர்ரேரியம் கதையும் ஏறக்குறைய அப்படியே. நத்தானியேல் வார்டு என்ற லண்டன் டாக்டர் 1829 வாக்கில் ஓர் அந்துப்பூச்சியின் கூட்டுப்புழுவை ஈரமண்ணோடு மூடிய கண்ணாடிப் புட்டியில் வைத்தார். பூச்சி வருவதற்கு முன்னாலேயே மண்ணிலிருந்து ஒரு பெரணியும் ஒரு புல்லும் முளைத்துவிட்டன. அவர் தோட்டத்துப் பெரணிகளோ லண்டன் புகையில் ஒன்றொன்றாய்ச் செத்துக்கொண்டிருந்தன. புட்டிக்குள் இருந்தவை கிட்டத்தட்ட நாலு வருடம் பிழைத்தன. அதுவும் மூடி துருப்பிடித்து மழைத்தண்ணீர் உள்ளே இறங்கியதால்தான் போயின. பிறகு அந்தப் பெட்டி கப்பலேறியது. தேயிலை சீனாவிலிருந்து இந்தியாவுக்கு வந்ததும், 1876இல் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து ரப்பர் நாற்றுகள் இலங்கைக்கு வந்ததும் வார்டின் பெட்டிகளில்தான். ஒரு புட்டிக்குள் முளைத்த பெரணி, மலைமலையாகக் காட்டை அழித்துத் தேயிலையும் ரப்பரும் போடுவதில் போய் முடிந்தது. அந்தத் தோட்டங்களில் வேலைக்குக் கொண்டுபோகப்பட்ட நம் ஆட்களின் கதை தனிப் பதிவு, இன்னொரு நாள் எழுதுகிறேன்.

‘சூழ்நிலை மண்டலம்’ என்கிறோமே, அந்தக் கருத்துக்கு 1935இல் ஆங்கிலத்தில் பெயர் சூட்டி எழுதியவர் ஆர்தர் டான்ஸ்லி என்ற தாவரவியலாளர். உயிர்களை மட்டும் பார்த்தால் போதாது, மண், நீர், காற்று, வெப்பம் எல்லாம் சேர்ந்த ஒரே அமைப்பாகப் பார்க்க வேண்டும் என்பது அவர் வாதம். நம் பிள்ளைகளிடம் சூழ்நிலை மண்டலம் என்றால் என்ன என்று கேளுங்கள். மான், புலி, மரம் என்பார்கள். ஒருத்தர்கூட சேறு என்று சொல்ல மாட்டார்கள்.

சேற்றை மறந்தால் என்ன ஆகும் என்பதற்குப் பெரிய மனிதர்களின் உதாரணமே இருக்கிறது. அமெரிக்காவில் அரிசோனா பாலைவனத்தில் பயோஸ்பியர் 2 என்று சுமார் மூன்று ஏக்கரில் ஒரு ராட்சத டெர்ரேரியம் கட்டினார்கள். உள்ளே குட்டிக் காடு, குட்டிக் கடல், வயல். 1991 செப்டம்பரில் எட்டுப் பேர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள், இரண்டு வருடத்துக்கு. ஆக்சிஜன் மெல்ல மெல்ல இறங்கியது. 20.9 சதவீதத்தில் ஆரம்பித்து ஒன்றரை வருடத்துக்குள் 14.5 பக்கம் வந்துவிட்டது. மலை உச்சியில் ஏறியவர்கள் மாதிரி மூச்சு வாங்கினார்கள். 1993 ஜனவரியில் வெளியிலிருந்து ஆக்சிஜன் செலுத்த வேண்டியதாயிற்று. காரணம்? உரம் நிறையப் போட்ட மண்ணில் இருந்த நுண்ணுயிரிகள் செடிகள் தரும் வேகத்தைவிட அதிக வேகத்தில் ஆக்சிஜனைத் தின்றுவிட்டன. அவை விட்ட கார்பன் டை ஆக்சைடில் பெரும்பகுதியைப் புதுக் கான்கிரீட் சுவர்கள் உறிஞ்சிக்கொண்டதால், கணக்கு எங்கே இடிக்கிறது என்று கண்டுபிடிக்கவே நாளாயிற்று. கோடிகோடியாகச் செலவழித்த அறிஞர்களே மண்ணுக்குள் இருந்தவர்களைக் குறைத்து எண்ணியிருக்கிறார்கள். நாம் நாலாம் வகுப்பில் செய்வது பரவாயில்லை என்றுகூடத் தோன்றுகிறது :-)

இந்தக் கதையைப் பிள்ளைகளிடம் சொல்லிப் பாருங்கள். கண்ணைச் சிமிட்டாமல் கேட்பார்கள். “அப்புறம் செத்துட்டாங்களா டீச்சர்?” என்பதுதான் முதல் கேள்வி. (எட்டுப் பேரும் நலமாக வெளியே வந்தார்கள். அவர்களை மாற்றி வைக்கவில்லை.)

இப்போது புதிதாக வந்திருக்கும் டெர்ரேரியம் பைத்தியம் பற்றியும் நாலு வார்த்தை. ‘பாட்டிலுக்குள் காடு செய்து கொண்டு வரவும்’ என்று டைரியில் எழுதி அனுப்புகிறார்கள். ராத்திரி பதினொரு மணிக்கு அப்பா ஸ்டேஷனரி கடையைத் தட்டுகிறார், அம்மா ஃபெவிகாலோடு உட்காருகிறார், பிள்ளை தூங்கிவிடுகிறது. காலையில் வரும் பாட்டிலில் கள்ளியும் பாசியும் பக்கத்துப் பக்கத்தில், நடுவே ஒரு பிளாஸ்டிக் மான். கள்ளிக்கு வறட்சி வேண்டும், பாசிக்கு ஈரம் வேண்டும், மூடிய பாட்டிலில் கள்ளி அழுகும் என்பது செய்தவருக்கும் தெரியாது, மதிப்பெண் போட்டவருக்கும் தெரியாது. அழகாக இருக்கட்டும் என்று வெயில் படும் ஜன்னலில் வரிசையாக வைப்பார்கள். நம்ம ஊர் மே மாத வெயிலில் மூடிய கண்ணாடிப் புட்டி ஜன்னலில் இருந்தால் அது காடு இல்லை, இட்லிப் பானை. ஒரு வாரத்தில் எல்லாம் வெந்துபோகும், யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள், ஏனென்றால் மதிப்பெண் முதல் நாளே போட்டாகிவிட்டது.

சரி, எதிர்க்கட்சிக்கு வருவோம். இதையெல்லாம் ஹாஸ்டலில் பேசியபோது எனக்கு நன்றாக விழுந்தது.

“சின்னப் பிள்ளைங்க, சாவைப் பார்த்தா தாங்குமா?” இதுதான் வகுப்பாசிரியையும் சொன்னது. எந்த ஊர்ப் பிள்ளைகளைப் பற்றிப் பேசுகிறோம்? தாத்தா இறந்தபோது கூடத்தில் கிடத்தியிருந்ததைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த பிள்ளைகள். ஞாயிற்றுக்கிழமை மீன் கடையில் அப்பா கையைப் பிடித்துக்கொண்டு நின்று “இது துடிக்குதுப்பா” என்று சொன்ன பிள்ளைகள். ரோட்டில் அடிபட்ட நாயைத் தாண்டிப் பள்ளிக்கு வந்த பிள்ளைகள். சாவு அவர்களுக்குத் தெரியும். சாவுக்குப் பிறகு என்ன நடக்கிறது என்பதைத்தான் யாரும் காட்டவில்லை. அழுவார்களா என்றால் அழுவார்கள். அழுதுவிட்டுக் கேள்வி கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு நம்மிடம் பதில் இல்லை என்ற பயத்துக்குத்தான் ‘பிஞ்சு மனசு’ என்று பெயர் வைத்திருக்கிறோமோ என்று எனக்குச் சந்தேகம்.

“நாற்பது பிள்ளைகள், போர்ஷன் முடிக்கணும், இன்ஸ்பெக்‌ஷன் வருவாங்க, இதுல சேத்துத் தண்ணியக் காட்டி நிக்க முடியுமா?” இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. நாறும் பாட்டிலைப் பார்த்தால் வருகிறவர் முகம் சுளிப்பார். பளபளக்கும் தொட்டியைப் பார்த்தால் போட்டோ எடுப்பார். சம்பளம் வாங்குகிறவர்களுக்கு இருக்கும் நெருக்கடி, உதவித்தொகையில் இருக்கும் எனக்கு இல்லை. ஆனால் பாக்கெட் பணம் போட்டு மீன் வாங்கி மாற்றி வைக்க நேரம் இருந்தது என்பதையும் பார்த்தேனே.

“உயிரை அடைச்சு வெச்சுப் பாடம் நடத்துறதே பாவம்.” இதைச் சொன்ன தோழி சுத்த சைவம். அவளோடு நான் முக்கால்வாசி ஒத்துப்போகிறேன். கோல்டு ஃபிஷ் சரியாக வைத்தால் பத்து வருடத்துக்கு மேல் வாழும், ஒரு ஜாண் நீளத்துக்கும் வளரும். அதை ஒரு உருண்டைக் கிண்ணத்தில் போட்டு மேசை மேல் வைப்பது சிறை. அதனால்தான் சொல்கிறேன், மீனே வேண்டாம். கொளத்தூரில் மொத்த விலைக்கு எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

கடைசியாக ஒருத்தி கேட்டதுதான் என்னைக் கொஞ்சம் மடக்கியது. “ஏரி மாவட்டத்துல உக்காந்துக்கிட்டு எதுக்குடி பாட்டில்? ஏரிக்கே கூட்டிட்டுப் போயேன்.” செங்கல்பட்டுப் பக்கம் எங்கே திரும்பினாலும் ஏரிதான், உண்மை. கட்டாயம் கூட்டிப் போக வேண்டும். ஆனால் ஏரிக்கு வருடத்துக்கு ஒரு தடவை போகலாம், அதற்கே அனுமதி, மெயின் ரோடு, ஆழம் என்று ஆயிரம் பயம். மேலும் ஏரி தன் அழுகலை அடியில் வைத்திருக்கிறது, கரையில் நிற்கும் பிள்ளைக்குத் தெரிவது தண்ணீரும் கொக்கும். பாட்டிலுக்கு ஒரே ஒரு புண்ணியம் உண்டு. அது கண்ணுக்கு நேரே, நாற்பது நாள், அதே இடத்தில் இருக்கும். திங்கட்கிழமை பார்த்ததற்கும் வெள்ளிக்கிழமை பார்த்ததற்கும் வித்தியாசம் கேட்கலாம்.

அடுத்த கட்டப் பயிற்சிக்கு ஒரு ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் போட்டார்கள். அங்கே நான் ‘மிஸ்’ இல்லை, ‘டீச்சர்’. தலைமையாசிரியரிடம் போய், “சார், மூணு ஊறுகாய் பாட்டில் வைக்கலாமா?” என்றேன். “கொசு வந்தா நீதாம்மா பொறுப்பு” என்றார். அவர் பயந்ததில் நியாயம் இருக்கிறது, டெங்கு காலத்தில் தேங்கிய தண்ணீரில் புழு இருந்தால் சுகாதாரத் துறை ஆட்கள் சும்மா விடமாட்டார்கள். அதனால் வாய் அகன்ற பாட்டில், மேலே கொசுவலைத் துணி, இறுக்கி ரப்பர் பேண்டு. உள்ளே ஊர்க் குளத்துச் சேறு இரண்டு விரற்கடை, அதே குளத்துத் தண்ணீர், இரண்டு கொத்து ஹைட்ரில்லா, மூன்று சின்ன நத்தை. ஒன்றை வெளிச்சம் வரும், வெயில் நேராகப் படாத இடத்தில் வைத்தோம். அதே போல இன்னொன்றை பீரோவுக்குள். செலவு, ரப்பர் பேண்டுக்கு மட்டும்.

மூன்றாவது பாட்டிலில் தண்ணீர் கிடையாது. வேப்பமரத்தடி மண், காய்ந்த இலை, கொஞ்சம் ஈரம், மழைக்கு வந்த மரவட்டைகள் நான்கு, மூடியில் ஆணியால் ஓட்டை. மரவட்டையைத் தொட்டால் சுருளும் என்பது மட்டும்தான் பிள்ளைகளுக்குத் தெரிந்திருந்தது. அது என்ன சாப்பிடும் என்று கேட்டேன். “காது” என்றான் ஒருவன். காதுக்குள் போகுமாம்.

வெள்ளிக்கிழமைதோறும் நோட்டில் படம் வரைவது மட்டும்தான் வேலை. நான் வாயைத் திறப்பதில்லை என்று முடிவு செய்திருந்தேன் (என்னைத் தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு கஷ்டம் என்று தெரியும்). முதல் வாரம் ஒன்றும் இல்லை, “போரிங் டீச்சர்” என்றார்கள். இரண்டாம் வாரம் வெளிச்சத்து பாட்டில் கண்ணாடியில் பச்சை படிந்தது. அதில் நத்தை மேய்ந்த தடம் கோடு கோடாகத் தெரிந்தது, ஒரு பெண் அதைத் துடைப்பம் போட்ட வாசல் மாதிரி வரைந்திருந்தாள். பிறகு கண்ணாடியில் ஜவ்வரிசிக் கூழ் மாதிரி ஒரு துளி, அதற்குள் புள்ளி புள்ளியாக முட்டைகள். அன்றைக்கு மற்ற வகுப்புகள் எல்லாம் எங்கள் வாசலில். பீரோவுக்குள் இருந்ததோ செடி பழுத்து, இலை கரைந்து, திறந்தால் சாக்கடை வாசம். ஒரு நத்தை செத்துக் கிடந்தது.

யாரும் ஓடவில்லை. மூக்கைப் பிடித்துக்கொண்டு சுற்றி நின்றார்கள். “ஏன் டீச்சர் இது மட்டும்?” என்று கேட்டவளுக்கு நான் பதில் சொல்வதற்குள் பக்கத்தில் இருந்தவன், “இருட்டுல செடிக்குச் சாப்பாடு இல்ல, செடிக்கு இல்லாட்டி நத்தைக்கும் இல்ல” என்றான். இன்னொருத்தி, “அப்ப நாத்தம் யாரு சாப்பிடறது?” என்றாள். அது ஒரு கேள்வியா, பதிலா என்று இன்றைக்கு வரை எனக்குத் தெரியவில்லை. பாக்டீரியா என்ற சொல்லை அன்றைக்குத்தான் கரும்பலகையில் எழுதினேன். யாரையும் அடிக்கோடு போடச் சொல்லவில்லை.

மரவட்டை பாட்டிலில் இலைகள் வலை வலையாக நரம்பு மட்டும் மிஞ்சி, அடியில் கடுகு கடுகாய்ப் புழுக்கை. “டீச்சர், இது இலையைத் தின்னு மண்ணு போடுது!” காதுக்குள் போகும் கட்சி அன்றோடு கலைந்தது.

செய்ய நினைக்கிற தோழிகளுக்குச் சில எச்சரிக்கை. குளத்து நத்தை, சேறு தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் யாரையும் விடாதீர்கள். நத்தைகள் வழியாக ஒட்டுண்ணிகள் பரவும், தோல் அரிப்பும் வரும். மரவட்டை கசியவிடும் திரவம் கண்ணில் பட்டால் எரியும். ஆமைக்குட்டி கிடைத்தது என்று யாராவது கொண்டு வந்தால் வாங்கி வைக்காதீர்கள், நட்சத்திர ஆமை வைத்திருப்பதே சட்டப்படி குற்றம். ஒரு பாட்டிலுக்கு வேண்டியதை மட்டும் எடுங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் பிலிப் ஹென்றி காஸ் எழுதிய புத்தகங்களைப் படித்துவிட்டு ஊரே கடற்கரைப் பாறைக் குட்டைகளுக்குக் கிளம்பிப் போய் அள்ளியது. ஒரு காலத்தில் நிறைந்து கிடந்த குட்டைகள் வெறுமையானதை அவர் மகன் எட்மண்ட் பின்னாளில் வருத்தத்தோடு எழுதினார்.

முடிந்ததும் எடுத்த குளத்திலேயே திருப்பி விடுங்கள். கடையில் வாங்கியது எதையும், மீனோ செடியோ, எந்தக் குளத்திலும் விடாதீர்கள். ‘பாவம், பிழைச்சுப் போகட்டும்’ என்று கொட்டியதுதான் இன்றைக்குத் தொட்டி துடைக்கும் சக்கர் மீனாக நம் ஏரிகளில் பெருகி, வலையைக் கிழித்து மீனவர்களைப் படுத்துகிறது. ஆகாயத்தாமரையும் தென்னமெரிக்காவிலிருந்து பூவின் அழகுக்காக வந்ததுதான். கோல்டு ஃபிஷ் தொட்டியை ஒரு நல்ல எண்ணத்தில் ஏரியில் கவிழ்க்கும் பள்ளியும் ஏதாவது இருக்கும்.

இன்னொன்று சொல்லாமல் விட்டேன். அந்த முதல் பள்ளியில் என் கடைசி நாள். பிரிவுபசார கேக் எல்லாம் வெட்டினார்கள். எனக்கு நெஞ்சு கேட்கவில்லை. வகுப்பாசிரியை வெளியே போன நேரம் பார்த்து, “ஒரு விஷயம் சொல்லணும். பழைய பிரியாணி செத்துடுச்சு. இது வேற மீனு. நான்தான் மாத்தி வெச்சேன்” என்றேன்.

ஒரு நிமிடம் அமைதி. அப்புறம் முன் பெஞ்சுப் பையன், “தெரியும் மிஸ். நாங்க இதுக்கு பிரியாணி ரெண்டுன்னு பேர் வெச்சு ரொம்ப நாளாச்சு. நீங்க அழுவீங்கன்னுதான் சொல்லல” என்றான்.

எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். பின்னாலிருந்து ஒரு பெண் மட்டும் எழுந்து நின்றாள்.

“ஒண்ணாவது பிரியாணியை எங்க மிஸ் புதைச்சீங்க?”

பேப்பரில் சுற்றி ஸ்டாஃப் ரூம் குப்பைத் தொட்டியில் போட்டிருந்தேன்.